கிண்ணப் பூஞ்சைகளை இனங்காண்போமா?

மழைக்குப்பின் மண்ணிலோ மட்கிய கட்டையிலோ சாணத்திலோ சிறு கிண்ணங்கள் முளைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். இவை கிண்ணப் பூஞ்சைகள். நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டிவிடாதீர்கள்; காய்ந்தால் நிறம் வெளிறும்.

கிண்ணத்தின் உட்புறத்தில் ஊசிமுனையளவு கிள்ளி, ஒரு சொட்டு நீரில் மெல்ல நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். நீண்ட பைகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 8 ஸ்போர்கள். இனி அயோடின் கரைசல் ஒரு துளி விடுங்கள். பெசைசா பேரினமாயின் பையின் நுனி நீலமாகும். ஆரஞ்சு நிற அலூரியாவில் ஆகாது. அதன் முதிர்ந்த ஸ்போர்மேல் வலைப்பின்னல் தெரியும். சாணத்தில் வளரும் அஸ்கோபோலஸிலோ முதிர்ந்த ஸ்போர் ஊதா நிறம்!

ஸ்போரை அளந்தும் குறியுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்: கண்ணருகு லென்சிலுள்ள அளவுகோலின் மதிப்பைப் பொருளருகு லென்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காணவேண்டும். 10 மடங்கு லென்சுக்குக் கண்ட மதிப்பை 40 மடங்கு லென்சுக்குப் பயன்படுத்தினால், 20 மைக்ரான் ஸ்போர் 80 மைக்ரானாகிவிடும்.