பல்லுள்ளகச் செயலியும் இணை நிரலாக்கமும்

நுழையும்முன்

‘எட்டு கோர் செயலி’ என்னும் தொடரைக் கைப்பேசி விளம்பரங்களில் காண்கிறோம். கோர் என்பது கட்டளைகளைத் தனித்து நிறைவேற்றவல்ல உள்ளகம். உள்ளகம் எட்டானால் வேகமும் எட்டு மடங்காகுமா?

வேகம் நின்ற இடம்

1993இல் வெளிவந்த பெண்டியம் செயலியின் கடிகாரம் நொடிக்கு 6 கோடி முறை துடித்தது. பத்தாண்டுகளில் அவ்வெண்ணிக்கை 300 கோடியைத் தாண்டியது. நிரலர்களுக்கு அது பொற்காலம். பழைய நிரலில் ஒரு வரியையும் திருத்தாமல், புதிய கணினியில் இட்டாலே அது விரைந்து இயங்கியது. ஆனால், துடிப்பை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும்; செலவாகும் மின்திறனோ மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். அத்தனையும் நகமளவுச் சில்லில் வெப்பமாகும். 2004 அக்டோபரில் இன்டெல் நிறுவனம் 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. ஐபிஎம் நிறுவனம் 2001இலேயே பவர்4 செயலியில் இரண்டு உள்ளகங்களை அமைத்திருந்தது. 2005இல் மேசைக்கணினிகளும் அவ்வழிக்குத் திரும்பின.

பங்கிட இயலாத பகுதி

பத்துப்பேர் கூடிக் காய் நறுக்கலாம். உலை கொதிக்கும் நேரத்தைப் பத்தாகப் பங்கிட முடியாது. நிரல்களிலும் முன்னது முடிந்தபின்னரே பின்னதைத் தொடங்கவேண்டிய பகுதிகள் உண்டு. ஜீன் அம்டால் 1967இல் சுட்டிய வரம்பு இதுவே. 100 நிமிடப் பணியில் 10 நிமிடம் பங்கிட இயலாதது எனக் கொள்வோம். நான்கு உள்ளகங்கள் அதனை 32.5 நிமிடத்தில் முடிக்கும். ஆயிரம் உள்ளகங்களைத் தந்தாலும் 10 நிமிடத்திற்குக் கீழே செல்லாது.

பந்தய நிலை

இதனினும் கடியது வேறொன்று. ஒரு வங்கிக் கணக்கில் ரூ.1000 இருக்கிறது. ஓர் உள்ளகம் ரூ.500ஐயும் மற்றொன்று ரூ.300ஐயும் ஒரே கணத்தில் வரவு வைக்கின்றன. இரண்டும் இருப்பை 1000 என்றே படிக்கின்றன. முதலாவது 1500 என எழுதுகிறது. அடுத்து இரண்டாவது 1300 என அதன்மேல் எழுதுகிறது. ரூ.500 மறைந்துபோகிறது! தரவுக்குப் பூட்டு இட்டு, ஒன்று முடிக்கும்வரை மற்றதைக் காத்திருக்கச் செய்யலாம். காத்திருக்குந்தோறும் இணைச் செயல்பாட்டின் பயன் குறையும். ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவரின் பூட்டுக்காக இருவரும் காத்திருந்தாலோ, இரண்டும் நகரா.

பல்லுள்ளகச் செயலிகள் பரவுமுன்பே இத்தகைய பிழை தன் ஆற்றலைக் காட்டியதுண்டு. 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநில மின்கட்டுப்பாட்டு அறையொன்றில் எச்சரிக்கை மென்பொருள் ஓசையின்றி முடங்கியது. இரு செயற்பாடுகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் திருத்த முற்பட்டதே காரணம். மரங்களில் உரசி மின்தடங்கள் ஒவ்வொன்றாய் அறுபட்டன. பணியாளர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். பல இலட்சம் மணிநேரம் குறையின்றி இயங்கிய மென்பொருள் அது. ஒரு நொடியின் சிறு பகுதியில் மட்டுமே வாய்க்கக்கூடிய அந்தப் பிழையை இனங்காண வல்லுநர்களுக்குப் பல வாரங்கள் ஆயின.