உபாத்தியாயர் பயிற்சியும் கிராமத்தார் கடமையும்

தாமிரவருணிக் கால்வாய்களின் கீழ் நிலம் வைத்திருப்போர் கடைமடையின் துன்பத்தை நன்கறிவர். அணைக்கட்டில் நீர் நிரம்பி நின்றாலும், இடையிலுள்ள மடைகளையெல்லாம் கடந்து கடைசி வயலை எட்டும்பொழுது அது மெலிந்துவிடுகின்றது. உபாத்தியாயர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியும் பெரும்பாலும் இவ்வாறே பாய்கின்றது. சென்னையில் சிலர் கற்று வந்து ஜில்லாவில் சிலருக்குக் கூற, அவர்கள் வட்டாரத்தில் பலருக்குக் கூற, கிராமப் பாடசாலைக்கு வந்து சேர்வது ஒரு கையேடும் சில புதுச் சொற்களுமே. ஆகையால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு கடிதத்தை வாசிக்கத் தடுமாறினால், உபாத்தியாயரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. அவர் தம் தொழிலை எங்கே, எவரிடம் கற்கின்றார் என்பதைக் கூட்டுறவுச் சங்கத்தினரும் விசாரித்தல் தகும். நாளைக்குக் கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டியவர்கள் அப்பிள்ளைகளே.

பிறர் வகுப்பைப் பார்த்துக் கற்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான பாடசாலையை மேற்பார்த்து வந்த ஆண்டுரு பெல் என்பவர், ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைக் கையாளும்படி அவர் சொன்னபோது, அவர் பாடசாலை உபாத்தியாயர் அது இயலாதென்று கைவிரித்தார். பெல் சளைக்கவில்லை, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணாக்கனிடம் அவ்வேலையை ஒப்புவித்தார். சிறுவன் செய்து காட்டினான். 1797-ல் லண்டனில் பெல் வெளியிட்ட நூலின் மூலம் இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு அதிகமிராது. மனப்பாடத்துக்கு அப்பால் அம்முறை அதிகம் செல்லவில்லை என்பது உண்மையே. எனினும், வேறொரு வகுப்பைப் பார்க்க ஒருவர் மனம் இசைந்தார், மற்றொருவர் இசையவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

திருநெல்வேலிச் சீமைக்கு இத்துறையில் பழைய தொடர்பு உண்டு. பாளையங்கோட்டை ஸாரா டக்கர் ஸ்தாபனம் பெண் உபாத்தியாயினிகளைப் பயிற்றும் பள்ளியாயிருந்து 1895-ல் கலாசாலையாயிற்று. 1986-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் ஜில்லாதோறும் ஏற்பட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இங்கு முனைஞ்சிப்பட்டியில் அமைந்தது. கிராமங்களுக்கு இன்னும் அருகிலிருப்பவை வட்டார வள மையமும், சில பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையமுமாம்.

2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அவரவர் கற்றிருக்கும் அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டில் இது நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. எண்ணம் சிறந்ததே. ஆனால் ஒரே அறையில் மூவகைப் பிள்ளைகளையும் நடத்துவது எங்ஙனம் என்பதைச் சொற்பொழிவால் கற்பித்தல் அரிது. பிசானத்துக்குப் புதிய விதையை எடுக்கும் குடியானவன் பிரசங்கத்தைக் கேட்டா எடுக்கிறான்? பக்கத்து வரப்பில் நின்று, ஒரு போகம் முழுதும் பார்த்த பின்னரே எடுக்கிறான்.

பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். பிள்ளைகள் ஒரே குரலில் பாடத்தைச் சொல்லும்பொழுது வகுப்பு சிறப்பாயிருப்பதுபோல் தோன்றும். பார்க்க வருகிறவர் உபாத்தியாயரின் முகத்தைப் பாராமல் கடைசி வரிசையிலுள்ள மூன்று பிள்ளைகளைப் பார்த்தல் நலம். குரலோடு குரலாக வாயசைப்பவர் எவர், புத்தகத்தில் விரல் எங்கே நிற்கிறது என்பவை அங்கே தெரியும். பின்னர், நடத்தப்படாத ஒரு பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே மூன்று வரி வாசிக்கச் சொன்னால் உண்மை வெளிப்படும். வகுப்பு முடிந்ததும் பத்து நிமிஷம் பேசினால் போதும். குற்றம் சொல்லுதல் கூடாது. எந்தப் பிள்ளை பின்தங்கினான் என்று உபாத்தியாயரையே முதலிற் கேட்க வேண்டும். மாற்ற வேண்டியது ஒன்றை மட்டும் இருவரும் முடிவு செய்து, இரண்டு வாரங்கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பத்துத் திருத்தங்களை ஒரே நாளிற் கூறுவோர் ஒன்றையும் திருத்துவதில்லை.

இதில் தலைமை உபாத்தியாயரின் பொறுப்பே பெரிது. பதிவேடுகளும் சத்துணவுக் கணக்குகளும் அவர் நாளை விழுங்கிவிடுகின்றன என்பது மெய்யே. ஆயினும், அவர் முதலில் தம் வகுப்பைப் பிறர் பார்க்க விடுவாராயின், இளைய உபாத்தியாயர்களின் கூச்சம் தானே நீங்கும்.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் சென்றால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழுகின்றன. அனுமதி கிடைத்தும் பலர் செல்லாததற்கு இதுவே காரணம். இவ்விடத்தில் கிராமத்தார் உதவலாம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்த அங்கத்தினரில் பாதிப்பேர் பெண்கள். சங்கத்து அங்கத்தினர் பலர் அப்பெற்றோரில் இருப்பர். மாதம் ஒரு பிற்பகல் பள்ளித் தோட்டத்திலோ விளையாட்டிடத்திலோ பிள்ளைகளுடன் இருக்க, தலைமை உபாத்தியாயர் சம்மதத்துடன், இருவரை முறைவைத்து அனுப்பலாம். குழு கூடுகையில், சுவர், கழிப்பிடம் முதலியவற்றைப் பேசிய பின், இம்மாதம் எந்த வகுப்பைப் பார்த்தீர்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்று உபாத்தியாயரை மரியாதையுடன் கேட்டு, விடையை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம்.