விடுதியா? பேருந்தா?

கல்லூரியில் இடம் கிடைத்ததும் கிராமத்து மாணவர் முன் நிற்கும் முதற் கேள்வி, தங்குவது எங்கே என்பதாகும். 1969-இல் நாமக்கல்லில் அரசு கலைக் கல்லூரி தோன்றியதால், சேலம் வரை செல்லும் அலைச்சல் பலருக்குக் குறைந்தது. எனினும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் கடந்து வருதல் எளிதன்று. இலவசப் பயண அட்டை பணத்தை மிச்சப்படுத்தும், பொழுதை மிச்சப்படுத்தாது.

அரசின் நலத்துறை விடுதிகளில் உணவும் உறைவிடமும் இலவசம். 2025 முதல் இவை 'சமூகநீதி விடுதிகள்' எனப் பெயர் பெற்றுள்ளன. பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர, வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். மாணவியர்க்கு இவ்விதி இல்லை.

விடுதியைத் தேர்வோர் கட்டடத்தின் அழகில் மயங்க வேண்டா. சித்திரையில் தண்ணீர் வருமா, இரவில் படிக்க விளக்கும் இடமும் உண்டா, செய்முறை வகுப்பு முடிந்து தாமதமாய் வருவோர்க்குச் சோறு எடுத்து வைப்பார்களா என்று கேட்டறிக. மகன் விடுதி சென்றால் வீட்டில் ஒரு கை குறையும். தறியை யார் பார்ப்பது, மாட்டை யார் பிடித்துக் கட்டுவது என்பதையும் பெற்றோருடன் பேசியே முடிவு செய்தல் நன்று.

இவற்றைச் சொல்லித்தர நம்மில் பலர் வீட்டில் முன்பு படித்தவர் எவருமிலர். ஆதலால், நாம் அறிந்ததை அடுத்த ஆண்டு வருவோர்க்குச் சொல்வது நம் கடனாகும்.