மறுபிறப்பு: மணிமேகலையும் பூதவாதியும்

இறந்தபின் உயிர் என்னாகிறது? முலுண்டில் எங்கள் தெருவில் ஆண் மகவு பிறந்தால், "தாத்தாவே திரும்பி வந்துவிட்டார்" என்பர் தாய்மார். பாட்டன் பெயரைத் தாங்குவதால் அன்றோ அவன் 'பெயரன்', அதாவது பேரன்! விஞ்ஞானம் பயிலும் நாம் இதனை எவ்வாறு எடைபோடுவது?

இவ்வழக்கு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில், பூதவாதி ஒருவன் தன் கொள்கையை விளக்குகிறான். பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்து மதுவின் களிப்புப் பிறப்பதுபோல், பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கும், அவை பிரிந்தால் பறையொலிபோல் மறையும், மறுமை பொய், கண்கூடே சான்று என்பது அவன் கட்சி. மணிபல்லவத்தில் தன் முற்பிறப்பை உணர்ந்தவள் மணிமேகலை. முற்பிறப்பை அறிந்தோரும் உண்டே என நகைக்கிறாள். அது தெய்வ மயக்கமோ கனவோ என்று அவன் தள்ளுகிறான். அவளோ, தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகிறாள்.

விடை கூர்மையானது. ஆயினும் அது அவன் அளவுகோலைத்தான் முறிக்கிறது; மறுபிறப்பை நிறுவவில்லை. அனுமானத்திற்கும் சோதனை வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் இயன் ஸ்டீவன்சன், முற்பிறவி பேசிய குழந்தைகளை இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் ஆராய்ந்து, 1966இல் 20 நிகழ்ச்சிகளை நூலாக்கினார். அவரும் அவற்றை மறுபிறப்பை 'நிரூபிப்பவை' என்னாது, 'சுட்டுபவை' என்றே தலைப்பிட்டார். மூளை சிதைந்தால் நினைவும் சிதைகிறது. மூளையே மண்ணான பின் நினைவைச் சுமந்து செல்வது எது? சோதனையில் தேறிய விடை இன்னும் இல்லை.

நிற்க. முற்பிறவியை அறிந்த மணிமேகலை, பசித்தவரைக் கண்டு "பழவினை" என்று ஒதுங்கவில்லை, அமுதசுரபியை ஏந்தினாள். நோயாளியையும் ஏழையையும் விதியின்மேல் சாத்திவிடும் நாவுகளுக்கு இதுவே மறுமொழி. மறுமை உண்டோ இலதோ, இம்மையின் பசி கண்கூடு. அதைப் பூதவாதியும் மறுக்கமாட்டான்.