சினிமா ஏன் சீரியலாகிறது?

கேள்வி: புதிதாக வாங்கிய 4கே டிவியில் எந்தப் படமும் மெகா சீரியல் போலவே தெரிகிறதே, பழுதா?

பதில்: பழுதல்ல, டிவியின் அதிகப்பிரசங்கித்தனம்! சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகிறது. இடையிடையே இல்லாத ஃபிரேம்களை டிவியே உருவாக்கிச் செருகுவதால்தான் அந்த வழவழப்பு. கிரிக்கெட்டுக்குச் சரி, சினிமாவுக்கு ஆகாது. 2018-இல் நடிகர் டாம் குரூஸே இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் வீடியோவில் தோன்றி, இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்ற பெயர்களில் இது ஒளிந்திருக்கும். 2019-இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ உங்கள் டிவியில் இருந்தால் தேடவே வேண்டாம், அதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே அணைத்துவிடும்.

கடையில் கண்ணைப் பறித்த ‘விவிட்’ மோடையும் மாற்றுங்கள். அது வெள்ளையில் நீலம் ஏற்றும். ‘சினிமா’ மோட் முதலில் மஞ்சளடித்தாற்போலத் தோன்றலாம். ஆனால், வீட்டுத்திரைக்கான படங்களுக்கு நிறம் சரிசெய்யப்படுவதே சுமார் 6500 கெல்வின் வெண்மையை அளவாக வைத்துத்தான். இரண்டு படம் பார்த்தால் கண் பழகிவிடும்.