பெயின்ட் செலவென்று அட்வான்ஸைப் பிடிக்கிறார்களா?

வீட்டைக் காலி செய்தால் பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைக் காட்டிப் பேசலாம். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. இவற்றை முன்கூட்டியே நாமே சரிசெய்து பில்லை வைத்துக்கொண்டால் செலவு குறையும்.

சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய், குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டுக் காட்டி வீடியோ எடுங்கள். சாவி பெற்றுக்கொண்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். எதற்காவது பணம் பிடித்தால், கூச்சப்படாமல் பில் கேளுங்கள். மீதியை ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்; இழுத்தடித்தால் தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்.