பெரிய டயர் போட்டால் போதுமா?



கோட்டைக்குப்பத்தில் என் சித்தப்பா ஒருநாள் கேட்டார்: “ஏன்டா, மணல்ல மீன் கூடை இழுக்க பழைய ஏ.டி.வி. வண்டி ஒண்ணு பார்த்திருக்கேன். பெரிய டயரா மாத்திட்டா புதையாதுல்ல?” வலை வாங்க வைத்திருந்த காசு அது. அவருக்கு நான் சொன்ன பதில்தான் இக்கட்டுரை.

டயரில் 25×8-12 என்றிருந்தால் வெளிவிட்டம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. விட்டத்தை 27 ஆக்கினால் அச்சு உயர்வது ஒரே அங்குலம். ஆனால் இழுவிசை என்பது திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தது அல்லவா? ஆரம் கூடுவதால் இழுவிசை சுமார் 7 சதவீதம் குறையும். சுமை இழுக்க வாங்கும் வண்டியின் பலத்தை நாமே குறைச்சுக்கறோம்! வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன், பின் டயர்களை ஒரே விகிதத்தில்தான் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கியர் தேயும்.

மணலில் காப்பாற்றுவது தரையில் படியும் பரப்பு. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். எனவே அதே ரிம்முக்குப் பொருந்தும் சற்று அகலமான டயர் போதும். மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கணும். கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ரிம்மைப் பெரிதாக்கினால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். காற்றை இறக்கினாலும் சரியாகப் படியாது.

“அப்போ முதல்ல காத்தை இறக்கிப் பார்த்துட்டு அப்புறம் காசை இறக்கலாம்னு சொல்ற!” என்றார் சித்தப்பா.

படித்த பாடம் ஒரு வலைக்கான காசையாவது காப்பாற்றினால் அதுவே நமக்குப் பெருமை!